இடது சீட்டில் தங்கிய கனம்

இதில் பாதி என் கண்ணால் பார்த்தது, பாதி பார்த்தவர்கள் சொன்னது, அதற்கு மேலும் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது ஆடி மாதத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அள்ளிக்கொண்டு வந்து எங்கள் பட்டறை வீதியில் போட்டுவிட்டுப் போனது. எது எது என்று பிரித்துக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் பின்மதிலை ஒட்டி இருக்கிறது எங்கள் வீதி. இந்தப் பக்கம் என் லேத், அந்தப் பக்கம் கபூர் பாயின் டிங்கர் கடை, நடுவில் ராக்கியப்பனின் கார் பட்டறை. எல்லாம் தகரக் கூரை, எல்லாக் கூரையின் கீழும் அலுத்துப்போன மனுஷர்கள். எங்கள் வீதியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்கிற வழக்கம் இல்லை. என்ன, அசதியா என்று கேட்போம், அவர் ஆமாம் என்பார், நமக்கும் ஒரு துணை கிடைத்த மாதிரி இருக்கும்.

அந்த வீதிக்குத்தான் சௌந்தரவல்லி அம்மா ஒரு நாள் காலையில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார். இரண்டே சீட்டு, துணிக் கூரை, வெயிலில் வெளுத்த பச்சை நிறம், உயரம் எவ்வளவு என்றால் தெருநாய் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்க்கும். வால்பாறை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த துரை கப்பல் ஏறும்போது அதை விட்டுவிட்டுப் போக, எஸ்டேட் இன்ஜினியராக இருந்த அம்மாவின் வீட்டுக்காரர் அதை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்குக் கண் மங்கிப்போய், அம்மா ஓட்ட அவர் இடது பக்கம் உட்கார்ந்து, இப்போ லெஃப்ட்டுல பெரிய பலாமரம் வரணுமே, வந்துருச்சா என்று கேட்டுக்கொண்டே வருவாராம். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இடது சீட்டில் ஒரு கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"முன்பக்கம் நான் திருப்பின வழியில போகுது, பின்பக்கம் அது இஷ்டத்துக்குப் போகுது," என்றார்கள் அம்மா. "ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போறோமான்னே தெரியல. நான் வால்பாறை வரைக்கும் ஏறணும் ராக்கியப்பா. இறங்கி வரலேன்னாலும் பரவாயில்ல, ஏறணும்."

ராக்கியப்பன் காரைப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி, பின்சக்கரங்களை வண்டியோடு பிணைக்கிற இரும்புக் கைகளைக் கடப்பாரை முனையால் நெம்பிப் பார்த்தான். தாங்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர் புஷ்ஷெல்லாம் காய்ந்துபோன கருப்பட்டி மாதிரி பொலபொலவென்று அவன் முகத்திலேயே உதிர்ந்தது. கைகள் வந்து மாட்டுகிற மவுண்டிங் இரண்டிலும் விரிசல்.

"ரப்பர் செத்துப்போயி ரொம்ப நாளாச்சுங்கம்மா," என்று குழிக்குள்ளிருந்து சொன்னான். "இத்தன நாளா வண்டிய இரும்பு மட்டுந்தான் புடிச்சுட்டு இருந்திருக்குது. இரும்புக்கு விட்டுக்குடுக்கத் தெரியாதுங்களே."

பின்பக்கத்துக் கைகளைக் கழற்றினார்கள், விரிசலுக்கு வெல்டிங் வைத்து மேலே ஒரு பட்டை போட்டார்கள், புஷ்ஷுக்கு உள்ளேயும் வெளியேயும் வருகிற இரும்புக் குழலை நான் கடைந்து கொடுத்தேன், ரப்பரைப் புதிதாக வார்த்து வாங்கி, கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்பதால் சோப்புத் தண்ணீர் தடவி பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார்கள், எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மிச்சம் இருந்தது கடைசி இறுக்கு மட்டும்.

அதை மட்டும் காரைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. ரப்பர் புஷ் சக்கரம் போல உருளாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த நிலையைத்தான் அது தன் வீடு என்று நினைத்துக்கொள்ளும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் அந்தரமே வீடு. தரையில் நின்றதும் முறுக்கு தாங்காமல் கிழியும். அதனால் வண்டி நான்கு காலில் நிற்க வேண்டும், சீட்டில் ஆள் கனம் இருக்க வேண்டும், மெக்கானிக் குழிக்குள் நின்று இறுக்க வேண்டும். மற்ற ஊர்களில் மணல் மூட்டை வைப்பார்களாம். எங்கள் வீதியில் மனுஷரைத்தான் உட்கார வைப்போம், உட்காருகிறவர் வாய் மூடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கம். பேச்சு நிற்கக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, வழக்கத்தைக் கேள்வி கேட்கிற அளவுக்கு எங்களுக்குத் தெம்பும் இல்லை.

வலது சீட்டில் நான் உட்கார்ந்தேன். இடது சீட்டுக்கு ஆள் தேடும்போதுதான் ராக்கியப்பனின் பெண்டாட்டி பாவாத்தாள் தூக்குப்போசியில் அவனுக்குச் சோறு கொண்டுவந்தாள். ஊருக்கு வெளியே ஒரு மில்லில் ராத்திரி ஷிப்ட், விடிந்து வந்து சமையல், துணி, தண்ணீர்க் குடம், மாமியாருக்குக் கஞ்சி, பிறகு இந்தத் தூக்குப்போசி.

"பாவா, சித்தெ அந்தப் பக்கம் உக்காரு," என்றான் குழிக்குள்ளிருந்து. "ஏதாச்சும் பேசிட்டே இரு."

"என்னத்தப் பேசறதுங்க?"

"என்னத்தையோ பேசு."

அவள் உட்கார்ந்தாள். வெங்காயம் விற்கிற விலை என்று தொடங்கினாள். தண்ணி வரல என்றாள். பிறகு என்னவோ பாதி வார்த்தை. பிறகு பேச்சு நின்றது. நான் வழக்கப்படி பேசிக்கொண்டேதான் இருந்தேன். என் பேச்சைக் கேட்டுத்தான் அவள் தூங்கிவிட்டாள் என்று பின்னால் வீதியில் ஒரு பேச்சு எழுந்தது, அது பொறாமைக்காரர்கள் கிளப்பியது. குழிக்குள் நின்ற ராக்கியப்பனுக்கு மேலே அவள் மூச்சு இழுத்து விடுவது கேட்டது. எழுப்பியிருக்க வேண்டும். வழக்கம் அதுதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் பெண்டாட்டி தூங்கி அவன் பார்த்ததே இல்லை, கலைக்க மனசு வரவில்லை, சத்தம் வராமல் ஒவ்வொரு போல்ட்டாகக் கடைசி வரை இறுக்கினான்.

தூங்குகிற பிள்ளையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், தூக்கத்தில் உடம்பு தன் கனம் மொத்தத்தையும் கொடுத்துவிடும், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது.

மில் சங்கு ஊதியதும் அவள் திடுக்கென்று எழுந்து இறங்கினாள். நான் இறங்கியபோது காரின் வலது பக்கம் எப்போதும் போல மேலே வந்தது. இடது பக்கம் வரவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே அழுந்தி இருந்தது, சீட்டுத் தோலில் பள்ளம் அப்படியே இருந்தது. பாவாத்தாள் காலித் தூக்குப்போசியைக் கையில் எடுத்தாள். அவள் அதை ஆட்டிக்கொண்டு போகவில்லை, அதுதான் அவளை ஆட்டிக்கொண்டு போனது.

சௌந்தரவல்லி அம்மா அன்றைக்குச் சாயங்காலமே காரை எடுத்துப் போனார்கள். வீதி முனை திரும்பும்போது பிரேக் போட்டு, இடது சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாவாத்தாளுக்குக் கனம் போய்விட்டது என்று தெரிந்ததும் எங்கள் வீதி ஆச்சரியப்பட்டது என்று சொன்னால் அது பொய், நான் அந்த மாதிரிப் பொய் சொல்வதில்லை. ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம் நிற்காதே கண்ணு என்றார்கள். சேலைக்குப் பதில் சுடிதார் போட்டால் காற்று குறைவாகப் பிடிக்கும் என்றார்கள். நான் என் லேத்தில் இரும்பு வளையங்கள் கடைந்து கோத்து ஓர் ஒட்டியாணம் செய்து கொடுத்தேன், அதைக் கட்டிக்கொண்டால் கால் தரையில் பாவியது. மில்லில் சூப்பர்வைசர், கனம் இருக்க வேண்டும் என்று ரூல்ஸில் இல்லை, ஆள் வந்தால் போதும் என்றார்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். மூட்டு வலி இல்லை, குதிகால் வலி இல்லை, மாடிப்படியைத் தொடாமல் ஏறினாள், வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதன் மேலேயே நடந்து வந்தாள். அவள் சிரித்து நாங்கள் கேட்டது அப்போதுதான். ராக்கியப்பன் பட்டறை வாசலில் நின்று அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான், கையில் ஸ்பேனர் ஆறிப்போய் இருக்கும்.

இதைப் பார்த்த மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. அடுத்த தடவை அந்தக் கார் வந்தால் யார் உட்காருவது என்று டீக்கடையில் பேச்சு. யாருக்கு அசதி அதிகமோ அவர் என்று முடிவாகி, அதற்கொரு விசாரணையும் நடந்தது. ஒருவன் முதுகைக் காட்டினான், ஒருத்தி கால் நரம்பைக் காட்டினாள். கபூர் பாய், எனக்கு முழுசா வேண்டாம், இந்த வலது தோள்பட்டைக் கனத்தை மட்டும் எடுத்துக்கிட்டாப் போதும் என்றார். நின்றபடியே வாதாடி வாதாடி எல்லோருக்கும் கூடுதலாக அசதியானதுதான் மிச்சம். காரும் வரவில்லை.

இதற்குள் வீதி இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டது. ஏணி வைக்கத் தேவையில்லாத ஓர் ஆள் இருக்கிறாள். பாவா, அந்த டியூப் லைட்டை மாத்திக் குடு கண்ணு. பாவாக்கா, உச்சிக் கிளையில நாலு முருங்கைக்காய். மாரியம்மன் கோயில் முகப்புக்கு சீரியல் பல்பு கட்டணும் தாயி, நீயே வந்துரு. மில்லிலும் அவளை மெஷினிலிருந்து மாற்றி, கூரை உத்தரத்தில் அப்பிக்கிடக்கிற பஞ்சுத் தூசியைக் கூட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒட்டியாணத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேலே போவாள், தலைமுடி நரைத்தவள் போலப் பஞ்சோடு இறங்குவாள். தரையில் இருந்த வேலை எதுவும் குறையவில்லை. மேலே இருந்த வேலையும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். உட்காரு கண்ணு என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்கார முடியிலீங்க மாமா," என்றாள்.

"ஏனாம்?"

"உக்கார்றதுக்குக் கனம் வேணுமுங்க. ஒட்டியாணத்தக் கட்டிட்டு உக்காந்தா இரும்பு உக்காருது, நான் அதுக்கு மேல நிக்கறேன். கட்டல்ல படுத்தா ஒரு சாண் மேல கெடக்கறேன். முதுகு எதுலயும் படமாட்டீங்குது. முதுகு படாம எப்படிங்க தூக்கம் வரும்? கனந்தான் போச்சு, அசதி போகுல. அது அங்கயேதான் இருக்குது, எறக்கி வெக்க எடமில்லாம."

நான் ஸ்டூலை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டேன்.

ஆடி பிறந்தது. கணவாய்க் காற்று எங்கள் ஊருக்கு வருவது அப்போதுதான், தகரத்தைப் பிய்க்கும், பிளெக்ஸ் தட்டியைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் போடும். முதல் காற்று அடித்த மத்தியானம் பாவாத்தாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஒட்டியாணத்தின் கொக்கி விட்டுப்போய், அவளும் ஒரு ஈரப் போர்வையும் சேர்ந்து எழும்பி என் கூரைக்கு மேலே போனார்கள். டிஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீதியே கூடி, எந்தக் கயிறு நல்லது என்று பேச ஆரம்பித்தது. அப்போது கீழேயிருந்து ஒரு குரல், போனதுதான் போன, அந்த டிஷ்ஷ சித்தெ கெழக்கால திருப்பி உட்டுட்டு வா கண்ணு என்றது. அது என் குரல் என்று கபூர் பாய் இன்றைக்கும் சொல்கிறார், நம்ப வேண்டாம். அவள் திருப்பிவிட்டாள். திருப்பிக்கொண்டே அழுதாள், கண்ணீருக்கும் கனம் இல்லாததால் அது கீழே விழாமல் காற்றோடு கிழக்கே போனது.

ராக்கியப்பன் கயிறு போட்டு அவளை இறக்கி, சைக்கிள் டியூபால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அப்படியே சௌந்தரவல்லி அம்மா வீட்டுக்கு நடந்தான். இன்னும் பெரிய காற்று வர இருந்தது. அதற்குள் கனம் திரும்பாவிட்டால் அவளைத் திருப்பூர்ப் பக்கம் போய்த்தான் தேட வேண்டும்.

போர்டிகோவில் கார் நின்றது, இடது பக்கம் அழுந்தியபடியே. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாட்டேன் என்று சொன்னார்கள். கோபம் இல்லாமல், மெதுவாக.

"ரெண்டு தடவை வால்பாறை போய் வந்துட்டேன். வளைவுல அவர் உட்கார்ந்திருந்தா எப்படிச் சாயுமோ அப்படியே சாயுது. பலாமரம் வந்துருச்சுன்னு சொல்றேன். பக்கத்துல ஆள் இருக்குப்பா. அதைக் கழட்டிக் கொடுன்னு கேட்டா நான் எங்கே போவேன்?"

ராக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பாவாத்தாள்தான் டியூபுக்குள்ளிருந்து கேட்டாள்.

"அது உங்களுக்கு பதில் சொல்லுதுங்களாம்மா?"

அம்மா காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல," என்றார்கள். "எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கு. அந்தக் கொண்டை ஊசி வளைவுல எல்லாம் கூட முழிக்கல. மூச்சு மட்டும் கேக்கும். இப்படி ஒரு தூக்கத்த நான் பார்த்ததே இல்ல."

"அது என்ற தூக்கமுங்கம்மா," என்றாள் பாவாத்தாள்.

மறுநாள் காலையில் கார் எங்கள் வீதியில் இருந்தது, அம்மாவே ஓட்டி வந்து குழிக்கு மேல் நிறுத்திவிட்டு, இறங்காமல் வலது சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

போல்ட்டைத் தளர்த்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் தூங்குகிறவளிடமிருந்து வாங்கிக்கொண்ட கனம், விழித்திருக்கிறவளிடம் திரும்பிப் போகுமா? போகவில்லை. அவளைத் துண்டால் சீட்டோடு கட்டி, ராக்கியப்பன் ஒரு போல்ட்டை அரைத் திருகு தளர்த்திப் பார்த்தான், ரப்பர் அசையவே இல்லை. அவள் தூங்க வேண்டும். அங்கே, அந்தச் சீட்டில், தன் தூக்கத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

எங்கள் வீதியில் யாரால் தூங்க முடியும்? ராக்கியப்பன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி, கையெடுத்துக் கும்பிட்டான். அவ்வளவுதான். நான் லேத்தை நிறுத்தினேன். கபூர் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார், வைக்கிற சத்தமும் கேட்கக் கூடாதென்று பழந்துணியின் மேல் வைத்தார். வெல்டிங், கிரைண்டர், கம்ப்ரசர், டீக்கடை ரேடியோ எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. நின்ற பிறகுதான் காற்று கேட்டது. வந்துவிட்டிருந்தது அந்தப் பெரிய காற்று. வீதி முழுக்கத் தகரக் கூரைகள் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன, சீட்டில் கட்டப்பட்டிருந்த பாவாத்தாள் ஒவ்வோர் அடிக்கும் கண்ணைத் திறந்தாள். அவள் உடம்பு துண்டை இழுத்துக்கொண்டு மேலே எழும்பியது. அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் ஏறியவர் கபூர் பாய். கெட்டுப்போன தோளோடு தன் கூரையில் ஏறி, ஆடுகிற தகரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். படுத்ததும் அது சத்தம் போடுவதை நிறுத்தியது. அதைப் பார்த்து வெல்டிங்காரன் ஏறினான், டீக்கடைக்காரர் ஏறினார், விசாரணையில் கால் நரம்பைக் காட்டியவள் ஏறினாள், கனத்தை எங்கேயாவது இறக்கி வைக்க முடியாதா என்று அலைந்தவர்கள் எல்லாம் ஏறித் தங்கள் கனத்தைத் தகரத்தின் மேல் போட்டார்கள். ஏற முடியாத கிழவர்கள் கீழே நின்று கூரை விளிம்பைத் தலைக்கு மேல் கைகளால் பிடித்துக்கொண்டோம். பேச்சு இல்லை. நானும் பேசவில்லை. காற்று எங்கள் மேல் அடித்தது, மணல் கண்ணில் விழுந்தது, தோள் இற்றுப்போனது, வீதியில் ஒரு தகரம் கூட அசையவில்லை.

அந்த நிசப்தத்தில் பாவாத்தாளின் கண் மூடியது. ஏற்கெனவே அந்தச் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சும் அவள் மூச்சும் முதலில் முன்னும் பின்னுமாக வந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்தன. ராக்கியப்பன் ஸ்பேனரில் தன் பனியனைச் சுற்றிக்கொண்டு திருகினான். முதல் போல்ட். அடுத்தது. ரப்பர் தன் முறுக்கை விட்டது. காரின் இடது பக்கம் ஒரு விரல் அளவு மேலே எழும்பி, அவள் உடம்பு இறங்க இறங்க மறுபடி கீழே வந்தது. சீட்டுத் தோல் நீளமாக ஒரு மூச்சு விட்டது. துண்டு தளர்ந்து தொங்கியது. அவள் தலை சரிந்து அம்மாவின் தோளில் கனமாக விழுந்தது.

"பலாமரம் வந்துருச்சு," என்று அம்மா ரகசியம் போலச் சொன்னார்கள்.

"ம்," என்றாள் பாவாத்தாள் தூக்கத்திலேயே.

அம்மா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கும் கண் சொருகிவிட்டது. இரண்டு பேர் தூங்குகிற காரில் போல்ட்டை இறுக்க ராக்கியப்பனுக்குப் பைத்தியமா? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள்ளேயே சுவரில் சாய்ந்து நின்றான்.

சாயங்காலம் மில் வேன் வந்தது. வீதி முனையிலேயே டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனவன், கூரை எல்லாம் மனுஷர்கள் படுத்திருப்பதையும், அத்தனை பேரும் அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பதையும் பார்த்து, வேனை அணைத்துவிட்டு நடந்து வந்தான்.

"பாவாத்தா ஷிப்ட்டுக்கு வர்லீங்களா?" என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

நான் குழியைக் காட்டினேன்.

"வண்டி வேல நடக்குது," என்றான் ராக்கியப்பன் கீழேயிருந்து.

"எப்ப முடியுமுங்க?"

"தெரியிலப்பா. இன்னும் கடைசி இறுக்கு இருக்குது."

டிரைவர் காரையும் கூரைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் விடிகாலையிலிருந்து ஓட்டுகிறவன்தான். என் பக்கத்தில் தகர விளிம்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. கையை உயர்த்தி அதைப் பிடித்துக்கொண்டான். பொழுது சாயக் காற்று நின்றது. அதற்குப் பிறகும் நாங்கள் யாரும் கையை எடுக்கவில்லை.